அவளுடைய சாடி அடுப்பு

என் மனைவி இறந்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. துக்க வருஷம். ஆனால் தீபாவளிக்கு முன்னால் இறந்தவர்களுக்குப் போடும் படையலை விட முடியாது. உயிரோடு இருந்தபோது அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு, பீர் குடித்தவருக்குப் பீர். அதைப் பற்றிப் பேசத்தான் மகள் ஒரு சனிக்கிழமை கெலாங் பாத்தாவிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் மருமகனுக்கும் சிங்கப்பூரில் வேலை. சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம் கெலாங் பாத்தாவுக்குப் பக்கம் என்பதால் அங்கேயே வீடு வாங்கிவிட்டார்கள்.

"அம்மாவுக்கு என்னப்பா வைக்கலாம்?" என்று கேட்டாள்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கோழிதான். சாடியில சுட்ட கோழி."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சாடியத் தொறந்தா என்ன இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? யாருப்பா கழுவறது?"

"நான் கழுவறேன்."

"நீங்களா?" என்றாள்.

அவள் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருந்தது. நான் மாமிசம் தொடாதவன். கல்யாணத்துக்கு முன்பே முருகனுக்கு விரதம் இருந்து காவடி எடுத்தேன். விரதம் முடிந்த பிறகும் மாமிசத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அப்படியே இருந்துவிட்டேன். அவளோ கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மீன் இல்லாத சோற்றைச் சாப்பாடு என்றே அவர்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்கப் போன அன்று, எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தபோதே அவள் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டாள்: "நீங்க சாப்பிட வேணாம். நான் சாப்பிடறதத் தடுக்காதீங்க. அது போதும்."

நான் தடுக்கவில்லை. ஆனாலும் அவள் என் சட்டிகளைத் தனியாக வைத்தாள். வீட்டுக்குள் இருந்த அடுப்பில் கறி ஏறியதே கிடையாது. பின்கட்டில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு வைத்து, தனக்கும் மகளுக்கும் அங்கேயே சமைத்தாள். நான் கேட்டு அப்படிச் செய்யவில்லை. "உங்க மூஞ்சி சுருங்கறதப் பாத்துக்கிட்டே என்னால சாப்பிட முடியாது," என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சாடி அடுப்பு வந்தது அவள் சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில். அவளுடைய மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த அந்த அடுப்பை யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றாராம். தூக்குவதுதான் சிரமம். தடித்த பீங்கானில் செய்த, வயிறு பெருத்த ஒரு பெரிய சாடி அது. கருஞ்சிவப்பு நிறம். மேல் பாதி மூடி, கீழ்ப் பாதி அடுப்பு. இரண்டையும் பின்னால் ஓர் இரும்புக் கீல் பிடித்திருக்கும். கீழே காற்று போக ஒரு கதவு, உச்சியில் புகை போக ஒரு துளை. ஆயர் ஈத்தாம் கடைகளில் சாலையோரம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய பீங்கான் சாடிகள் போலவே இருந்ததால் மகள் அதற்குச் சாடி என்று பேர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

தெரிந்தவர் ஒருவரின் வேனில் ஏற்றிப் பாலம் கடந்து கொண்டுவந்தார்கள். சுங்கத்தில் இளம் அதிகாரி ஒருவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டாராம். இவள், "அடுப்பு, துவான்," என்று மலாயில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். "இவ்வளவு பெரிய அடுப்பில் யாருக்குச் சமைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு மட்டும்," என்று இவள் சொல்ல, அவர் சிரித்து அனுப்பிவிட்டாராம். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரி இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. காலையிலேயே கோழியைக் கீறி மசாலா தடவி வைத்துவிடுவாள். நாலு மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் அடுப்பு பற்றும். நான் புகை வராத பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு காப்பியோடு உட்கார்ந்திருப்பேன். அவள் மேலேயும் கீழேயும் துளையைத் திருகித் திருகி நெருப்பை அடக்கிக்கொண்டே பேசுவாள். தொழிற்சாலைக் கதை, பஸ் வரிசைக் கதை, பாலத்தில் மழையில் நனைந்த கதை. வாரம் முழுவதும் விடியுமுன்னே போய் இருட்டியபின் வருகிறவள். எனக்குப் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. ஆகவே நாங்கள் நிதானமாகப் பேசியதெல்லாம் அந்த அடுப்பின் பக்கத்தில்தான்.

சுட்டதில் முதல் துண்டுகள் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு மலாய்க்கார அம்மாள், நாங்கள் காக் என்று கூப்பிடுவோம். எங்களுக்கு அக்கா மாதிரி. அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே ஹலால் கடையில்தான் கோழி வாங்குவாள். அந்த அடுப்பில் பன்றி ஏறியதே இல்லை. சுவருக்கு மேலே தட்டு போகும், திரும்பி வரும்போது அதில் குயே என்னும் மலாய்ப் பலகாரம் ஏதாவது இருக்கும். அதை நான் சாப்பிடுவேன்.

அப்புறம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. கேஸ்ட்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். முதுகுக்குப் பரவியதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் கட்டி என்றார்கள். ஏற்கெனவே ஈரல் வரை போயிருந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டது, "கார் எங்க நிறுத்தினீங்க?" என்பதுதான். எங்கே நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெயிலில் இருவரும் கார்களுக்கு நடுவே நடந்து தேடினோம்.

அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு அவள் கோழி சுட்டாள். தடவினாள், பற்றவைத்தாள், திருப்பினாள், எடுத்துத் தட்டில் வைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"காக்குக்குக் குடுத்துருங்க எல்லாத்தையும்."

"ஏன்மா?"

"வாசனையே புடிக்கலங்க. ஏதோ பொணம் எரியற மாதிரி இருக்கு."

துளைகளை மூடி நெருப்பை அணைத்தாள். அடுத்த வாரம் கழுவிக்கொள்ளலாம் என்றாள். அன்றிலிருந்து மாமிச வாடையே அவளுக்கு ஆகாமல் போயிற்று. கஞ்சி, இளநீர், நான் வைக்கும் ரசம். ஒரு நாள் படுக்கையில் சாய்ந்து ரசச்சோற்றை விழுங்கிக்கொண்டே, "இப்ப ஒங்களுக்குச் சந்தோசம்தானே? ரெண்டு பேரும் சைவம்," என்றாள். நான் சிரிக்க முயன்றேன். அவள் நிஜமாகவே சிரித்தாள். பொங்கல் முடிந்த சில நாட்களில் போய்விட்டாள்.

சாடி அங்கேயே நின்றது. யாரோ அதன் மேல் நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள், சாவு வீட்டுக்கு வந்த கூட்டம் உட்கார இடம் வேண்டுமே என்று ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போவேன். ஒரு நாள் கூடக் கயிற்றை அவிழ்க்கவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது.

மகள் வந்துபோன மறுநாள் காலை, கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை எடுத்தேன். அடியில் எறும்பு. பீங்கான் மேல் தூசு படிந்து கோடுகோடாய் வழிந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். மூடி வரவில்லை. கீல் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் விட்டேன். அப்போதும் வரவில்லை. அடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தது.

குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மூடியும் அடுப்பும் சந்திக்கும் விளிம்பில் கம்பளி மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. புகை வெளியே கசியாமல் தடுக்கும் கேஸ்கெட். கேஸ்கெட் மாற்றுவது எனக்குப் புதிதில்லை. பம்ப், வால்வு, பைப் என்று வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தேன். இதில் பல வருஷத்துக் கொழுப்பு ஊறி, இறுகி, மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒன்றாகிவிட்டிருந்தன. கொழுப்பே பசையாகிவிட்டது. கடைசியாக மூடியவள் அவள். மூடியது மூடியபடி ஒட்டிக்கொண்டுவிட்டது.

மெல்லிய தகட்டுக் கரண்டியை இடுக்கில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தேன். பீங்கான், நெம்பினால் விளிம்பு பெயர்ந்துவிடும். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் துணி கிழிகிற சத்தத்தோடு மூடி திறந்தது. பட்டை நார்நாராகப் பிய்ந்து தொங்கியது.

உள்ளே பூஞ்சணம். கம்பித் தட்டின் மேல் வெள்ளையும் பச்சையுமாய்ப் பஞ்சு போல வளர்ந்திருந்தது. அடியில் பழைய கரி, நனைந்த சாம்பல், மஞ்சளாய் உறைந்த கொழுப்பு. மூடியின் உட்புறம் கன்னங்கரேலென்று செதில் செதிலாய் இருந்தது. அந்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, முகக்கவசம் போட்டுத் திரும்பி வந்தேன். ஒரு கணம், மகளிடம் முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. கம்பித் தட்டை எடுத்தபோது அதன் ஓரத்தில் கருகிப்போன கோழித்தோல் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கோழி. அதைச் சுரண்டிக் குப்பையில் போட முடியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு செம்பருத்திச் செடி அடியில் புதைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மகள் போனில் சொன்னாள்: "சோப்பு போட்டுடாதீங்கப்பா. பீங்கான் உறிஞ்சிக்கும், அப்புறம் சமைக்கிற சாப்பாட்டுல சோப்பு வாடை வரும். நெருப்பு வச்சித்தான் எரிக்கணும். ரெண்டு துளையும் நல்லாத் தொறந்து விட்டு, கரிய ரொப்பி, மூடிய மூடிருங்க. கொழுப்பு, பூஞ்சணம் எல்லாம் தானா எரிஞ்சி சாம்பலாயிரும். புது கேஸ்கெட் நான் ஆர்டர் பண்ணிட்டேன். அத இப்ப ஒட்டாதீங்க, அந்தச் சூட்டுல கருகிரும். மொதல்ல எரிக்கணும், அப்புறம்தான் ஒட்டணும்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. சூடா இருக்கறப்ப மூடியப் படக்குனு தொறக்காதீங்க. காத்து உள்ள போனா நெருப்பு மூஞ்சிக்கு வரும். ரெண்டு வெரல் அளவு தொறந்து மூடி, தொறந்து மூடி, அப்புறமாத் தூக்கணும். அம்மா செய்வாங்கல்ல, அந்த மாதிரி."

அவள் செய்வாள். நான் பார்த்திருக்கிறேன். மூடியை இலேசாக இரண்டு முறை தூக்கிப் போடுவாள், குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுகிற மாதிரி.

ஈரச் சாம்பலையெல்லாம் வாரி வெளியே கொட்டி, அடியில் தேங்கியிருந்த கொழுப்பை வழித்தெடுத்தேன். இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து உலர்த்தினேன். புதன்கிழமை மாலை புதுக் கரி நிரப்பிப் பற்றவைத்தேன். மழை வரும் போல இருந்தும் வரவில்லை.

மூடியை மூடினதும் முதலில் வெள்ளைப் புகை வந்தது. பிய்ந்த கேஸ்கெட்டின் இடுக்குகளிலெல்லாம் கசிந்து, அடுப்பைச் சுற்றி ஒரு வளையமாகப் பரவியது. புளித்த வாடை, எரிகிற பூஞ்சண வாடை. நான் வழக்கம்போல் புகை வராத பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூடியில் பதித்த வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் கோழி சுடும்போது நிறுத்தும் இடத்தைத் தாண்டிப் போயிற்று.

அப்போது வாடை மாறியது.

ஊறிப்போன கொழுப்பு உருக ஆரம்பித்திருக்க வேண்டும். பீங்கானுக்குள் வருஷக்கணக்காய் இறங்கியிருந்ததெல்லாம் சூட்டில் திரும்பி வந்தது. கோழி, இஞ்சி, லவங்கப்பட்டை, அவள் போடும் ஏதோ ஒரு இனிப்பு, எரிந்த தோல். முன்பு எந்த வாசனை என் பக்கம் வராமல் இருக்க நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டேனோ, அதேதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. நான் எழுந்து நாற்காலியை மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். புகை நேராக என் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுதேனா, புகையா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. காக் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். தலையில் துணியை அவசரமாகச் சுற்றியிருந்தார்.

"நான் உள்ளே துணி மடிச்சிட்டிருந்தேன்," என்றார் மலாயில். "வாசனை வந்தது. தட்டைக் கழுவி வைக்கணுமேன்னு எழுந்துட்டேன், தெரியுமா? எழுந்து நின்ன பிறகுதான் ஞாபகம் வந்தது." சொல்லிவிட்டு வாயைத் துணியால் மூடிக்கொண்டார்.

"சுத்தம் செய்கிறேன், காக். சமைக்கவில்லை. உள்ளே இருப்பதை எரிக்கிறேன்," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

முள் இன்னும் ஏறியது. புகை மெலிந்து நீலமாயிற்று. வாசனையும் அதோடு மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மூச்சுக்கு இருந்தது, அடுத்த மூச்சுக்கு இல்லை. மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனேன். வெறும் சூடு. உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. அது எரிந்து தீர்வதற்குள் ஒரு முறை மோந்துகொள்ள வேண்டும். மகள் சொன்னது, அவள் செய்வதை நான் பார்த்தது, ஒன்றும் நினைவில் இல்லை. எழுந்து கைப்பிடியைப் பிடித்து மூடியை ஒரேயடியாகத் தூக்கினேன்.

பொக்கென்று ஒரு சத்தம். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. பின்னால் சரிந்து உட்கார்ந்ததுதான் தெரியும். மூடி தானாக விழுந்து மூடிக்கொண்டது.

"யா அல்லா! அடோய்!" என்று காக் கத்தினார். சுற்றிக்கொண்டு கேட் வழியாக ஓடி வந்துவிட்டார். "முகத்தைக் காட்டுங்க. கண் தெரியுதா?"

கண் தெரிந்தது. புருவத்தில் பாதி இல்லை. வலக்கை முடியெல்லாம் பொசுங்கி, மணிக்கட்டில் சிவந்திருந்தது. பொசுங்கிய முடி நாற்றம்தான் இப்போது எல்லா இடத்திலும். காக் தன் தொட்டியிலிருந்து கற்றாழை மடல் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து, பிளந்து கையில் கொடுத்தார். நான் தடவிக்கொள்ளும் வரை நின்று பார்த்தார்.

"ஏன் அப்படித் திறந்தீங்க?" என்று கேட்டார்.

"வாசனை போயிட்டிருந்தது, காக்," என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை ஆறிப்போன மூடியைத் திறந்தேன். கருப்பாய் இருந்ததெல்லாம் வெளுத்திருந்தது. உட்புறம் எலும்பு நிறத்தில், பட்டால் தூளாய் உதிரும் மெல்லிய சாம்பலோடு இருந்தது. துடைப்பத்தால் தள்ளினேன். புதிது போல ஆகிவிட்டது. உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன். கல் வாடை. இந்த அடுப்பில் ஒருவர் சமைத்தார் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. இவ்வளவு சுத்தமாகும் என்று தெரிந்திருந்தால் நான் பற்றவைத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கருகின கேஸ்கெட்டைச் சுரண்டியெடுக்க அரை நாள் ஆனது. பசை விடவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கரைப்பானில் துணியை நனைத்துத் துடைத்து, மறுபடி தேய்த்தேன். வேலைக்குப் போகிறவன் மாதிரி மனம் அதில் நின்றது. அது நல்லதாக இருந்தது. புதுப் பட்டை பார்சலில் வந்தது, சாம்பல் நிறத்தில், கைக்கு மெத்தென்று. அதன் பின்தாளை உரித்து, இழுக்காமல், விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி இடைவெளி விட்டுவிடும். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் சரியாக வெட்டிச் சேர்த்தேன். மூடியை இறக்கி, நடுவில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இறுகப் பிடித்தது. என் வேலையை அவள் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிருப்பாள். அவளிடமிருந்து அதுதான் பாராட்டு.

படையல் அன்று மகளும் மருமகனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். என் புருவத்தைப் பார்த்ததும் மகளுக்குக் கோபம் வந்தது.

"சொன்னேன்லப்பா! ரெண்டு வெரல் அளவுதான் தொறக்கணும்னு சொன்னேன்ல!"

"மறந்துட்டேன்மா."

"கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அம்மாவும் இல்ல, நீங்களும்..." முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். மருமகன் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா, ஆறிரும் லா," என்றார்.

மாலையில் சிறு நெருப்பு வைத்தோம். புதுப் பட்டைக்கு முதலில் அதிகச் சூடு கூடாது. மகள் கோழித் தட்டோடு வந்தவள், அடுப்பு உள்ளே இருந்த வெண்மையைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கத்தரிக்காயும் சோளமும் எடுத்து வந்தாள்.

"என்னம்மா இது?"

"ஒங்களுக்கு. இப்ப சுத்தமா இருக்குல்ல. மாமிசம் படறதுக்கு முன்னால ஒங்களோடத வைக்கலாம்."

இவ்வளவு வருஷமும் இந்த அடுப்பிலிருந்து ஒரு வாய் நான் சாப்பிட்டதில்லை. மாமிசம் பட்ட கம்பியில் எனக்குச் சமைக்க என் மனைவிக்கு மனம் வந்ததில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஒரு தடவை மட்டும், சோளம் வாங்கி வந்த ஒரு நாள், "நல்லா எரிச்சுட்டு வச்சா சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. சோளத்தை உள்ளே வேகவைத்துக்கொடுத்தாள்.

காய்கள் வெந்ததும் கோழி ஏறியது. எல்லாம் முடிந்து அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். சோறு, மீன் குழம்பு, அவள் குடிக்கும் நூறு பிளஸ் பானம் ஒரு டின், நடுவில் கோழி. சூடம் காட்டினேன். கதவைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றோம். உள்ளே வந்து சாப்பிடட்டும் என்பது வழக்கம். மருமகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு தட்டுக் கோழி ஏற்கெனவே சுவருக்கு மேலே போயிருந்தது. மகள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்வது நின்றது.

"அம்மா செய்யற மாதிரி இல்ல," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மருமகன்.

"நல்லா இருக்கு. ஆனா அம்மாவோடது இல்ல. பக்கத்துல நின்னு எத்தன தடவ பாத்திருக்கேன். எல்லாம் போட்டேன்ப்பா. என்ன விட்டேன்னு தெரியல." கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

நான் அந்தக் கோழியைச் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அம்மாவின் கோழி எப்படி இருக்கும் என்று நாக்குக்குத் தெரியாத ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். கத்தரிக்காயைப் பிளந்து உப்பு போட்டுச் சோற்றில் பிசைந்தேன். தோல் கருகி, உள்ளே வெண்ணெய் போல இருந்தது. மிக நன்றாக இருந்தது. அது இவ்வளவு நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தீபாவளி கழிந்ததும் சாடியை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். லாரிக்காரரும் உதவியாளும் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். கார் நிறுத்தும் இடத்தில் அது நின்ற தரை மட்டும் வேறு நிறமாய் இருக்கிறது. காக் ஒருநாள் சுவர் வழியாகப் பார்த்துவிட்டு, "இடம் பெருசாத் தெரியுது," என்றார்.

சில ஞாயிறுகளில் நான் கெலாங் பாத்தாவுக்குப் போகிறேன். மகள் எனக்கு முதலில் காய்களைச் சுட்டுத் தந்துவிட்டு, அப்புறம் கோழியை வைப்பாள். மசாலாவில் ஒவ்வொரு முறையும் ஏதாவது மாற்றுவாள். ஒரு தடவை, மூடியை இலேசாகத் தூக்கிப் போட்டுத் திறந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"வாங்கப்பா. மோந்து பாருங்க."

"நான் என்னத்தம்மா சொல்றது?"

"நீங்க சாப்பிட்டதில்ல. ஆனா எங்க எல்லாரையும் விட அந்த வாசனைக்கிட்ட அதிகமா ஒக்காந்திருந்தது நீங்கதான். சொல்லுங்க."

புகைக்குள் முகத்தை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். அதில் இஞ்சி இருந்தது, பட்டை இருந்தது, எரியும் தோல் இருந்தது. அந்த இனிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"இல்லம்மா," என்றேன். "இன்னும் இல்ல."

"சரி," என்றாள் அவள், இடுக்கியால் கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "அடுத்த வாரம் சீனிக்குப் பதிலா வேற ஏதாச்சும் போட்டுப் பாக்கறேன். நீங்க வந்துருங்க."